செவலைக்கு ஒரு சர்டிபிகேட்

ஜஸ்டின்: சிட்... செவலை, சிட்... இங்கன பாரு, என் விரலப் பாரு. சிட்.

ராமுத்தாய்: உங்க விரல அப்ப இருந்தே பாத்துக்கிட்டுத்தான் இருக்கான் தம்பி. அதுல பிஸ்கட்டு இல்லேன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஜஸ்டின்: பொறுமை வேணும் யக்கா. இது சயின்ஸ். நாய்க்கும் ட்ரெயினருக்கும் நடுவுல ஒரு இது வரணும்.

ராமுத்தாய்: வரட்டும். எத்தன மணி பஸ்ஸுக்கு வருதாம்?

ஜஸ்டின்: கேலி பண்ணாதீக. காலையில பேட்ச்ல மத்த நாயெல்லாம் எப்படிப் பண்ணுச்சு, பாத்தீகள்ல?

ராமுத்தாய்: பாத்தேனே. நீங்க சிட்டுன்னதும் அந்த பேங்க்காரரு டபக்குனு உக்காந்தாரு. அவரு நாய் நின்னுக்கிட்டே இருந்துச்சு.

ஜஸ்டின்: அவருக்கு முட்டி வலி.

ராமுத்தாய்: அப்புறம் ஸ்டேன்னீக. மனுசன் கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லையே...

ஜஸ்டின்: யக்கா, நாப்பத்தஞ்சு நாள் கோர்ஸ் இது. மொத வாரம் வெறும் கண்ணோட கண்ணு பாக்குறது மட்டும்தான். நீங்க ஏழு மணிக்கு தேவாரத்துல இருந்து வந்து எறங்கி, எட்டு மணிக்கு நாய் சொன்ன பேச்சு கேக்கணும்னா எப்படி?

ராமுத்தாய்: எனக்கு நாப்பத்தஞ்சு நாள் இல்ல தம்பி. நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும்தான் இருக்கு.

ஜஸ்டின்: நாளைக்கு என்ன? கோம்பையில நாய்க் கண்காட்சியா?

ராமுத்தாய்: போலீஸ் ஸ்டேஷன்.

ஜஸ்டின்: ...யாரயாவது கடிச்சிருச்சா?

ராமுத்தாய்: கடிச்சிருந்தா ஊசியோட முடிஞ்சிருக்கும். இது வேற. ஆமா, மலைமேல ஏலத்தோட்டத்து நாய்க்கெல்லாம் நீங்கதான் வாத்தியாராமே? எங்க ஊரு மொக்கைச்சாமி சொன்னாக.

ஜஸ்டின்: அது... ஒன்னு ரெண்டு வரும். பெருசா ஒன்னும் இல்ல.

ராமுத்தாய்: அப்பறம் ஏன் இவன் வந்ததும் வராததுமா உங்க கால நக்குறான்? எங்க வீட்டுக்கு வர்ற ஈபிக்காரர மூனு வருசம் பழகியும் கேட்டுக்குள்ள விட மாட்டான் இவன்.

ஜஸ்டின்: எல்லா நாய்க்கும் என்னயப் பிடிக்கும் யக்கா. தொழில் அப்படி. நீங்க விசயத்தச் சொல்லுங்க.

ராமுத்தாய்: இவன் எங்க வீட்டுல பெறந்தவன். கோம்பை நாயி, கருத்த வாயி, செவந்த ஒடம்பு, பாருங்க. நாலு வருசம் என் திராட்சைப் பந்தலுக்குக் கீழதான் கெடந்தான். எனக்கு முட்டியில ஆபரேசன்னு தேனியில கொண்டாந்து போட்டாக. பதினஞ்சு நாள் கழிச்சு வீட்டுக்குப் போறேன், நாயக் காணோம். ஓடிப் போயிருச்சும்மான்னான் எம் மகன் வேல்பாண்டி.

ஜஸ்டின்: ஓடலையா?

ராமுத்தாய்: மலைமேல ஒரு எஸ்டேட்டுக்காரருகிட்ட வித்துப்புட்டான். அவன் வாயால சொல்லல. போன மாசம் நாயே வந்து சொல்லுச்சு.

ஜஸ்டின்: வந்துருச்சா... தானா?

ராமுத்தாய்: மூனு வருசம் கழிச்சு, அம்புட்டு மலையும் எறங்கி, காட்டுக்குள்ள நடந்து வந்திருக்கான் தம்பி. விடியக்காலம் கதவத் தொறந்தா வாசல்ல கெடக்கான். நாலு பாதமும் பிஞ்சு ரத்தம். என்னயப் பாத்ததும் எந்திரிக்க முடியல, வால மட்டும் தரையில அடிச்சான். நான் உக்காந்து அழுதேன். வீட்டுக்காரரு போனப்பக்கூட அப்படி அழுகல.

ஜஸ்டின்: ...ம்.

ராமுத்தாய்: ஒரு வாரத்துல அந்த எஸ்டேட்டுக்காரரு ஜீப்புல வந்து எறங்கிட்டாரு. என் நாயின்னு அவரு, என் நாயின்னு நானு. ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. எம் மகன் பெங்களூருல இருந்து போனப் போட்டு, விட்டுத் தொலைம்மாங்குறான். நான் யாருக்கு விடுறது? வீட்டுல எனக்குப் பேச்சுத்துணைக்கு இருக்குறது இது ஒன்னுதான்.

ஜஸ்டின்: அவரு வாங்குனதுதான யக்கா? நியாயமாப் பாத்தா...

ராமுத்தாய்: நியாயத்த ஏட்டையா சொல்லிட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல நாய நடுவுல விட்டுட்டு, ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னு கூப்பிடணுமாம். யாருகிட்டப் போகுதோ அவுக நாயி. எழுதி வாங்கிக்கிருவாராம்.

ஜஸ்டின்: அப்ப உங்களுக்கு என்ன கவல? இம்புட்டுத் தூரம் உங்களத் தேடி வந்த நாயி உங்ககிட்ட வராதா?

ராமுத்தாய்: அங்கதான கெடக்கு வெனை. அந்த ஆளுகிட்ட என்னமோ ஒரு வார்த்தை இருக்கு. மொத தடவ ஸ்டேஷன்ல வச்சு இவன் காதுகிட்டக் குனிஞ்சு சொன்னாரு. சாவி குடுத்த பொம்ம மாதிரி அவரு பின்னாடியே போயிட்டான். நான் வாடா சாமீன்னா வால ஆட்டுறான். அவரு அதச் சொன்னா கால எடுக்குறான். அன்னைக்கு ஏட்டையாதான் தடுத்து, முடிவாகுற வரைக்கும் எங்கிட்ட விட்டுவச்சிருக்காரு.

ஜஸ்டின்: அதத்தான் நாங்க ரீகால்னு சொல்றது. அப்படி ஒரு வார்த்தையில பழக்கிட்டா நாயால மீற முடியாது.

ராமுத்தாய்: அந்த வார்த்தை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?

ஜஸ்டின்: எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த நாய இன்னைக்குத்தான் பாக்குறேன்.

ஜெபஷீலா: டீ ஆறுது, குடிச்சிட்டுக் கத்துங்க. யக்கா, நீங்களும் எடுத்துக்கங்க. எங்க மாமனாரு போடி பஜார்ல அம்பது வருசமா பாத்திரக்கடை. இவரு கல்லாவுல உக்கார மாட்டேன்னு நாய உக்கார வைக்க வந்துட்டாரு. அட, இவனா? என்னடா, எளச்சுப் போயிட்ட... என்னங்க, இது போன வருசம் நம்ம...

ஜஸ்டின்: ஜெபா, உள்ள குக்கர் விசில் அடிக்குது.

ஜெபஷீலா: நான் இன்னும் குக்கரே வைக்கலையே.

ஜஸ்டின்: அப்பப் போயி வையி.

ராமுத்தாய்: போன வருசம் என்ன தாயி?

ஜஸ்டின்: போன வருசம் இதே மாதிரி ஒரு செவல நாய் வந்துச்சு. கோம்பை நாயெல்லாம் ஒரே அச்சு யக்கா. இவளுக்கு ஆடு எது, மாடு எதுன்னே தெரியாது.

ஜெபஷீலா: ஆமா, எனக்கு ஒன்னும் தெரியாது. ரெண்டு மாசம் சோறு வச்சவளுக்கு நாயத் தெரியாது, விசில் ஊதுனவருக்குத்தான் தெரியும். உங்க போன் அடிக்குது, எடுங்க.

ஜஸ்டின்: ஹலோ... ஆ, சாரே, பறயூ... ஆ, நாய் இவிடெ உண்டு. நிங்ஙளுடெ நாய் தன்னெ. பேடிக்கண்டா... ஏய், ஈ தள்ளய்க்கு மலையாளம் ஒன்னும் அறியில்லா... நாளெ நிங்ஙள் சக்கரே என்னு விளிச்சால் மதி. அவன் ஓடி வரும்... பின்னெ ஞான் இவர்க்கு ஒரு வாக்கு படிப்பிச்சு கொடுக்காம்... ஆ, செரி சாரே, செரி.

ராமுத்தாய்: யாரு தம்பி போன்ல?

ஜஸ்டின்: எங்க சபையில ஒரு போதகர். கோட்டயத்துல இருந்து பேசுறாரு. ஜெபக்கூட்டம் விசயமா.

ஜெபஷீலா: கோட்டயத்துல நமக்கு ஏது போதகரு?

ஜஸ்டின்: புதுசா வந்திருக்காரு. நீ குக்கரப் பாரு.

ராமுத்தாய்: நீங்க பேசிக்கிட்டே இருக்கயில இவன் படக்குனு எந்திரிச்சு ஓடியாந்து உங்க கால்மாட்டுல படுத்துக்கிட்டானே, ஏன்?

ஜஸ்டின்: ஜெபம்னா நாய்க்குக்கூட ஒரு அமைதி வந்துரும் யக்கா.

ஜெபஷீலா: அப்ப நம்ம வீட்டு நாய்க ராத்திரி முச்சூடும் கொலைக்குதே, அதுகளுக்கும் ரெண்டு வசனம் படிங்க.

ஜஸ்டின்: யக்கா, இவள விடுங்க. எனக்கு இப்பத்தான் ஒன்னு தோணுது. மூனு வருசம் மலைமேல கெடந்த நாயில்லையா? இதுக்கு மலையாளத்துலதான் பழக்கம் குடுத்திருப்பாக. நம்ம இங்கிலீசுல கத்தி என்ன பண்றது?

ராமுத்தாய்: கோம்பை நாய்க்கு மலையாளமா? இத வெளிய சொல்லிறாதீக. ஊருல தலகாட்ட முடியாது.

ஜஸ்டின்: பாக்குறீகளா? டேய், இரி. ...பாத்தீகளா, உக்காந்துட்டான்.

ராமுத்தாய்: அட கிறுக்குப்பயலே. ஏலே செவலை, நம்ம பந்தல்ல உக்காருறான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்... அந்த ஊரு பாசையில சொன்னாத்தான் தொரைக்கு இடுப்பு வளையுமோ?

ஜஸ்டின்: உங்களுக்கு மலையாளம் கொஞ்சமாச்சும் வருமா?

ராமுத்தாய்: எங்கிட்டு வரும்? நான் உண்டு, என் பந்தல் உண்டு. மலைக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது.

ஜஸ்டின்: தேவாரத்துல இருந்துக்கிட்டா? அங்கன இருந்து தெனமும் ஜீப் ஜீப்பா ஏலக்காட்டு வேலைக்குப் போறாகளே?

ராமுத்தாய்: போறவுக போவாக. எனக்கு ஜீப்புன்னாலே குமட்டும்.

ஜஸ்டின்: நல்லது... நல்லதுன்னா, பரவால்லன்னு சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தாரேன். அத மட்டும் நெட்டுருப் போட்டுக்கங்க. நாளைக்கு அதச் சொன்னீகன்னா, எங்கன இருந்தாலும் ஓடி வந்துருவான். சொல்லுங்க, அனங்கருது.

ராமுத்தாய்: அனங்... என்னது?

ஜஸ்டின்: அனங்கருது.

ராமுத்தாய்: அணங்குக் கறுப்பு?

ஜெபஷீலா: பேயி பிசாச எல்லாம் கூப்பிடாதீங்கக்கா. அனங்... கருது. கதிர் கருதுன்னு சொல்றோம்ல, அந்தக் கருது.

ராமுத்தாய்: அனங்கருது. அனங்கருது. ...இவன் அப்படியே கெடக்கானே தம்பி? ஓடி வரலையே?

ஜஸ்டின்: பக்கத்துல படுத்திருக்கிற நாயி எங்கிட்டு ஓடி வரும்? தூரமா நிக்கும்போது சொல்லணும். இப்பச் சொல்லிச் சொல்லி வீணாக்காதீக.

ராமுத்தாய்: வீணாப் போறதுக்கு அது என்ன தம்பி, ரீசார்ஜா?

ஜஸ்டின்: நம்புங்க யக்கா. நான் சர்டிபிகேட் வாங்குன ட்ரெயினர்.

ராமுத்தாய்: நம்பாமயா விடிய முன்ன பஸ்ஸேறி வந்தேன். எனக்கு இவன் வேணும் தம்பி. மறுபடியும் அந்த ஆளு சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனா, நான் இன்னொரு மூனு வருசம் இருக்க மாட்டேன். அதுனாலதான் கேக்குறேன். இந்த வார்த்தை சரியான வார்த்தைதானா?

ஜஸ்டின்: ...சரியான வார்த்தைதான்.

ராமுத்தாய்: உங்க பிள்ளைக நல்லா இருக்கட்டும். வாடா செவலை. வர மாட்டியா? சரி, நானே இழுத்துக்கிட்டுப் போறேன்.

*

ஜெபஷீலா: நேத்து வரைக்கும் விசில ஊதிக்கிட்டு அலைஞ்சீக. இன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து காலிக் கூண்டுப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கீக. உள்ள போறீகளா, பூட்டட்டுமா?

ஜஸ்டின்: கிண்டல் பண்ணாத ஜெபா. அந்த எஸ்டேட்டுல இருந்த அஞ்சு நாயும் இனிமே நம்மகிட்ட வராது. சாட்சிக்கு நில்லுன்னு அவருதான் கூப்பிட்டாரு. இப்ப அவரு மூஞ்சியில முழிக்க முடியல.

ஜெபஷீலா: எந்த எஸ்டேட்டு? ...அப்ப நேத்து போன்ல பேசுனது போதகரு இல்லையா?

ஜஸ்டின்: மெல்லப் பேசு.

ஜெபஷீலா: அது அவரு நாயா? போன வருசம் ரெண்டு மாசம் நம்மகிட்ட இருந்த அதே நாயா? நான் வாயத் தொறந்ததும் குக்கரு குக்கருன்னீகளே...

ராமுத்தாய்: தம்பி... உள்ள வரலாமா?

ஜஸ்டின்: அய்யோ.

ஜெபஷீலா: வாங்கக்கா. செவலையும் வந்துருக்கானே! அப்ப ஜெயிச்சிட்டீகளா?

ராமுத்தாய்: எல்லாம் தம்பி சொல்லிக் குடுத்ததுதான் தாயி. அவுக உன்கிட்ட ஒன்னும் சொல்லலையா?

ஜெபஷீலா: எங்க சொல்றாரு? வந்ததுல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. நீங்க சொல்லுங்க, என்னதான் நடந்துச்சு?

ராமுத்தாய்: ஏட்டையா ரெண்டு பக்கமும் இருவது இருவது எட்டு அளந்து கோடு போட்டாரு. நடுவுல செவலை. எஸ்டேட்டுக்காரரு மொதல்ல கூப்பிடட்டும்னாரு. அந்த ஆளு மீசையென்ன, கூலிங்கிளாஸென்ன... தொண்டைய செருமிக்கிட்டு, சக்கரேங்குறாரு.

ஜெபஷீலா: என்னது?

ராமுத்தாய்: சக்கரே. பால்வாடிப் பிள்ளையக் கூப்பிடுற மாதிரி. ஸ்டேஷன்ல இருந்த கைதிகூடச் சிரிச்சுப்புட்டான். ஆனா தாயி, செவலை சிரிக்கல. காத நட்டுக்கிட்டு அவரப் பாத்து ஓடுறான். எனக்கு ஈரக்கொல அத்துப் போச்சு.

ஜெபஷீலா: அப்புறம்?

ராமுத்தாய்: அப்புறம் என்ன, பதறிப் போயி, தம்பி சொல்லிக் குடுத்த வார்த்தையக் கத்துனேன். அனங்கருது. பாதி தூரத்துல ஓடிக்கிட்டு இருந்தவன், நட்டுவச்ச கல்லு மாதிரி அப்படியே நின்னுட்டான்.

ஜெபஷீலா: நின்னுட்டானா? அதச் சொன்னா ஓடி வருவான்னுல்ல இவரு சொன்னாரு?

ஜஸ்டின்: அது... ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் இருந்து சத்தம் வந்தா நாய் கொழம்பிரும். சயின்ஸ்.

ராமுத்தாய்: அப்படித்தான் இருக்கும். தம்பி படிச்சவுக. எஸ்டேட்டுக்காரருக்கு ஆத்திரம் வந்துருச்சு. சக்கரேயும் போச்சு, கொக்கரேயும் போச்சு, நாயி பட்டீன்னு வசவ ஆரம்பிச்சிட்டாரு. தம்பியையும் பாத்து ஏதோ வஞ்சாரு. தம்பியும் அங்கனதான நின்னீக?

ஜஸ்டின்: நான்... அந்தப் பக்கமாப் போனேன், சும்மா நின்னேன்.

ராமுத்தாய்: அவரு வைய வைய, செவலை காத மடக்கிக்கிட்டு நடுங்குறான். நான் கோட்டத் தாண்டல. குனிஞ்சு, மெதுவா, சக்கரேன்னேன். அவ்வளவுதான். வந்து என் மேல ஏறி விழுந்து, சேலையெல்லாம் மண்ணு. ஏட்டையா எழுதிக் குடுத்துட்டாரு.

ஜஸ்டின்: அவரு சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லிட்டீக... கெட்டிக்காரத்தனந்தான் யக்கா. குருட்டாம்போக்குல பட்டுருச்சு.

ராமுத்தாய்: ஆமா தம்பி. குருட்டாம்போக்குதான்.

ஜஸ்டின்: இருந்தாலும் அந்த ஸ்டாப்பிங் கமாண்டு... அந்த வார்த்தை நான் குடுத்ததுல்ல. அது இல்லேன்னா நாயி போயிருக்கும். பாத்தியா ஜெபா, நம்ம ட்ரெயினிங் ஒரே நாளுல வேல செஞ்சிருக்கு.

ஜெபஷீலா: உங்க மூஞ்சி இப்பத்தான் வெளுப்பு கொறையுது. ஏன்னுதான் எனக்குப் புரியல.

ராமுத்தாய்: அதான் தாயி, கோர்ஸ் முடிஞ்சவுகளுக்கு ஒரு சர்டிபிகேட் தருவாகளாமே... செவத்துல மாட்ட. அத வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.

ஜஸ்டின்: தாராளமா. நாப்பத்தஞ்சு நாளு வந்தவுகளுக்கே யோசிச்சுத்தான் குடுப்பேன். உங்களுக்கு இப்பவே எழுதித் தாரேன். ஜெபா, அந்தத் தங்க பார்டர் போட்ட அட்டைய எடு. பேனாவும்.

ஜெபஷீலா: இந்தாங்க. எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க. நாயி படிச்சுப் பாக்கும்.

ஜஸ்டின்: நாயின் பெயர், செவலை. இனம், கோம்பை. பயிற்சி... கீழ்ப்படிதல். தேர்ச்சி, முதல் வகுப்பு. உரிமையாளர்... ராமுத்தாய்தான யக்கா?

ராமுத்தாய்: ராமுத்தாய்னு தமிழ்ல எழுதுங்க. பக்கத்துலயே, நேத்து போன்ல அந்த மொதலாளிகிட்ட, இந்தத் தள்ளய்க்கு மலையாளம் தெரியாது, நான் ஒரு வார்த்தையச் சொல்லிக் குடுக்குறேன்னு சொன்னீகள்ல... அந்தத் ‘தள்ள’ய மலையாளத்துல எழுதுங்க. இருவத்திரெண்டு வருசம் ஏலக்காட்டுல களை எடுத்தேன் தம்பி. தள்ளன்னா கெழவி, அங்கன என் பேரே அதுதான். அட, எங்க எந்திரிக்கிறீக? அசையாம உக்காந்து எழுதி முடிங்க. அனங்கருது.